643 படங்கள், ஒரு பலகை

இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 90 செ.மீ. நீளமும் 18 மி.மீ. தடிமனும் உள்ள பிளைவுட் பலகையைச் சுவரில் பொருத்தி அதன்மேல் புத்தகங்களை அடுக்கினால் இரண்டு தாங்கிகள் போதுமா, நடுவில் மூன்றாவது ஒன்றும் வேண்டுமா? ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். நள்ளிரவு தாண்டி 12.40க்குக் கைப்பேசியைக் கீழே வைத்தபோது, முகம் தெரியாத ஒருவர் நீர்த்தொட்டியின்மேல் வண்ணங்களைத் தெளித்து, சீப்பு போன்ற ஒன்றால் அவற்றைக் கோதிவிட்டு, வெள்ளைத் தாளை மெல்லக் கிடத்தி, பளிங்கில் ஓடும் வரிகளைப் போன்ற கோலத்தை ஒற்றி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கிகள் இரண்டா மூன்றா என்பது மட்டும் அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள், பிடித்த படங்களைச் சேமித்து வைக்கும் இணையதளத்தில் என் சேமிப்புகளில் ‘வீடு’ என்று பெயரிட்டிருந்த தொகுப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 643 படங்கள் இருந்தன. முதல் படத்தைச் சேமித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்றாண்டுகளில் என் கையால் நடந்த வேலை என்று எடுத்துக்கொண்டால், கோணல்மாணலாகத் தைத்த ஒரு குறிப்பேடும், பாதியில் நின்ற ஒரு பூத்தையலும்தான் தேறும். அலமாரி தொடங்கவே இல்லை. இடையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை, தரையில் அடுக்கிக் கிடந்த புத்தகங்களைத் தாண்டிக் காலை வைத்தபடியே, “அந்த அலமாரி வேலை எந்த அளவில் இருக்கிறது அண்ணா?” என்று கேட்டாள். “நடந்துகொண்டிருக்கிறது” என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முந்தைய வாரம்கூட இரண்டு இரவுகளை அதற்காகச் செலவழித்திருந்தேன். வேலை நகர்வதாகவே மனதார நம்பியிருந்தேன்.

தாங்கியில் தொடங்கிய தேடல் வண்ணத்தாளில் போய் முடிந்தது எப்படி என்று பின்னோக்கி நடந்து பார்த்தேன். தாங்கிகளைத் தேடியபோது, எழுதும் மேசைக்கு மேலே பொருத்திய ஓர் அலமாரியின் படம் வந்தது. அந்த மேசையில் இருந்த விளக்கு பிடித்துப்போயிற்று. விளக்கைத் தொட்டால் அதேபோல் காகிதத்தில் மறைப்பு செய்த வேறு விளக்குகள் வரிசையாக வந்தன. காகிதத்திலிருந்து கையால் செய்யும் காகிதம், அதிலிருந்து வண்ணக்காகிதம். ஒவ்வோர் அடியும் நியாயமானதாகத்தான் இருந்தது. எந்த இடத்திலும் வழி தவறிவிட்டோம் என்ற எண்ணமே வரவில்லை. காட்டில் வழி தவறியவருக்காவது சற்று நேரத்தில் பயம் வரும். இங்கே ஒவ்வொரு திருப்பமும் முந்தியதைவிட அழகாக இருப்பதால், திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு சின்னப் புரிதல் பிசகு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு படத்தைச் சேமிக்கும்போது என்னைப் பொறுத்தவரை அது ஒரு முற்றுப்புள்ளி: “சரி, இது கிடைத்துவிட்டது, இனித் தேட வேண்டாம்.” அந்தத் தளத்தை இயக்கும் நிரலுக்கோ அதே செயல் ஒரு தொடக்கம்: “இவருக்கு இது பிடிக்கிறது, இதைப் போன்றவற்றை இன்னும் கொடு.” நான் முடித்துவிட்டேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் வேண்டும் என்று காதில் வாங்கிக்கொள்கிறது. போதும் என்று சொல்வதற்கு அங்கே ஒரு பொத்தானையும் நான் கண்டதில்லை. இப்படிப் படங்களைச் சேமிக்கும் பின்டரெஸ்ட் தளம் 2010இல் வந்தது. இன்ஸ்டாகிராமும் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பே, 2006இல், ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கத்தின் அடிக்கு வந்தால் ‘அடுத்த பக்கம்’ என்ற இணைப்பை அழுத்தத் தேவையில்லாமல் படங்களும் செய்திகளும் தாமாகவே வந்து நிரம்பும் முடிவில்லா உருட்டலை வடிவமைத்திருந்தார். பயனருக்கு ஒரு சொடுக்கு மிச்சம் என்பதுதான் அதன் பின்னிருந்த எண்ணம். பிற்பாடு அதன் விளைவுகளைப் பார்த்து அவரே வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அந்த இணைப்பு ஒரு வாசற்படியாக இருந்தது. தாண்டுவதற்கு முன் ஒரு கணம் நின்றாக வேண்டும், நின்றால் மணியைப் பார்ப்போம், வந்த காரணம் நினைவுக்கு வரும். படியை எடுத்துவிட்ட வீட்டில் எந்த அறையில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறோம்.

பிடித்ததை வெட்டி எடுத்துச் சேர்த்து வைக்கும் பழக்கம் புதிதல்ல. பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டி வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், எழுத்தாளர் மார்க் ட்வைன் அதற்கென்றே பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஏடு ஒன்றை உருவாக்கி 1873இல் காப்புரிமையும் வாங்கினார். ஈரப்படுத்தி ஒட்டினால் போதும். பசைக் கிண்ணத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஏட்டுக்கு இத்தனை பக்கம் என்று ஒரு கணக்கு உண்டு. கத்தரிக்கோலை எடுக்க வேண்டும், ஓரம் பார்த்து வெட்ட வேண்டும், பின்பக்கத்துச் செய்தி போய்விடுமே என்று யோசிக்க வேண்டும். ஒரு படத்தை ஏட்டில் சேர்க்க இரண்டு நிமிட உழைப்பு தேவைப்பட்டதால், அந்த உழைப்புக்கு அது தகுமா என்ற கேள்வி தானாகவே எழுந்திருக்கும். என் 643 படங்களில் ஒன்றுக்காவது அந்தக் கேள்வியை நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகமே. விரலை அரை நொடி அழுத்திப் பிடித்ததற்கு மேல் அவற்றுக்காக நான் எதுவும் கொடுக்கவில்லை.

நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு. பார்த்து முடித்தபின் ஏதோ செய்து முடித்த நிறைவு வருகிறதே, அதுதான். மைக்கேல் கார்டஸ், எட் ஓ’பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தொடுகிறது. மேசைமேல் உள்ள பாத்திரங்கள் விழாமல் விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தை, வட்டப் பலகையில் குறிபார்த்துச் சிற்றம்பு எறியும் ‘டார்ட்ஸ்’, பின்னோக்கி வழுக்கும் நடனம் போன்ற செயல்களின் காணொளிகளை அவர்கள் ஒரு சாராருக்கு ஒரு முறையும் இன்னொரு சாராருக்கு இருபது முறைக்குக் குறையாமலும் காட்டினார்கள். அதிகம் பார்த்தவர்களுக்குத் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை ஏறியது; செய்து பார்க்கச் சொன்ன செயல்களில் திறன் ஏறியிருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்தை இணைக்கும் காணொளிகளை மூன்றாண்டுகள் பார்த்த தைரியத்தில், ஒரு நண்பருக்கு, பலகை முனைகளைப் புறாவின் வால் வடிவில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் புறா வால் இணைப்பு பற்றி அரை மணி நேரம் விளக்கியவன் நான். உளியைக் கையில் பிடித்ததில்லை.

நாம் பார்க்கும் காணொளிகளும் அப்படித்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு நாள் வேலை நாற்பது நொடிக்குள் சுருங்கிவிடுகிறது. சுருங்கும்போது முதலில் கழிந்துபோவது காத்திருப்பு. வார்னிஷ் ஒரு பூச்சுக் காய வேண்டும், காய்ந்ததை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும், தூசியைத் துடைக்க வேண்டும், மறுபடி பூச வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். கைவேலையில் பெரும்பகுதி இப்படிக் காத்திருப்பதும் தேய்ப்பதும் அளப்பதும்தான். திரையில் தூரிகை ஒரு முறை ஓடுகிறது. அடுத்த நொடியில் பலகை பளபளக்கிறது.

நிழற்படங்களோ இன்னும் அதிகமாக மறைக்கின்றன. என் தொகுப்பில் அதிகம் இருந்தவை சுவரில் தாங்கியே இல்லாததுபோல் மிதக்கும் நீளமான பலகைகள். அவற்றில் பொதுவாக ஒரு சின்னச் செடி, இரண்டு கோப்பைகள், சாய்த்து வைத்த மூன்று புத்தகங்கள் இருக்கும். படம் எடுக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குப் பலகை நேராக நின்றால் ஆயிற்று. புத்தகங்களை முழுக்க அடுக்கிய பலகைக்கு இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தை இரட்டிப்பாக்கினால், அது நடுவில் தொய்வது இரண்டு மடங்காக அல்ல, பதினாறு மடங்காகக் கூடும். 60 செ.மீ. இடைவெளியில் கண்ணுக்கே தெரியாத தொய்வு 120 செ.மீ.யில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது அதற்குள் ஓர் ஆறுதல். போதாக்குறைக்கு, மரம் பாரத்தின் கீழ் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் தொய்ந்துகொண்டே போகும். என் முதல் கேள்விக்கான விடை முழுவதும் இந்த நான்கு வாக்கியங்களுக்குள் இருக்கிறது. 643 படங்களில் ஒன்றிலும் அது இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் தொய்வு காலத்தில் நடப்பது, படத்தில் காலம் இல்லை.

இனி அந்தக் கோணல் குறிப்பேட்டுக்கு வருகிறேன். எனக்கு இதில் ஏதாவது புரிந்திருக்கிறது என்றால் அது அதனிடமிருந்துதான்.

எகிப்தின் காப்டிக் கிறித்தவர்கள் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே பயன்படுத்திய ஒரு தையல்முறை உண்டு. மடித்த தாள்களைச் சிறு சிறு கட்டுகளாக்கி, ஒவ்வொரு கட்டையும் முந்திய கட்டின் தையலில் கோத்துச் சங்கிலிபோல் இணைத்துக்கொண்டே போவார்கள். முதுகு மூடப்படாததால் பின்னல் வரிசை வெளியே தெரியும், எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஏடு மட்டமாகக் கிடக்கும். இதைச் செய்துகாட்டும் பெண்மணி ஒருவரின் காணொளியை ஆறு முறையாவது பார்த்திருப்பேன். ஏழாவது முறை பார்ப்பதற்குப் பதில், ஒரு விடுமுறை நாளில் என்ன தோன்றியதோ, அச்சடித்த தாள்களின் வெற்றுப் பக்கங்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

குத்தூசியால் துளையிடும்போதே கட்டுக்குக் கட்டு அரை மில்லிமீட்டர் விலகியது. மூன்றாவது கட்டில் நூலை இறுக்குவதற்காக என்னை நோக்கி மேலே இழுத்தேன். மெழுகு தடவிய நூல் தாளை மடிப்பில் கத்திபோல் அறுத்துக்கொண்டு வந்தது. தளர விட்டால் கட்டுகள் ஆடின, இறுக்கினால் கிழிந்தது. எப்படியோ முடித்து, அட்டையின்மேல் பசை தடவி வண்ணத்தாளை ஒட்டி, கனமான அகராதியின் அடியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அட்டை படகுபோல் வளைந்திருந்தது.

அப்புறம்தான் அந்தக் காணொளியை ஏழாவது முறையாகப் பார்த்தேன். இத்தனை நாளும் என் கண்ணில் படாத ஒன்று பட்டது. அவர் நூலை ஒருமுறைகூடத் தம்மை நோக்கி இழுக்கவில்லை. முதுகின் போக்கிலேயே, தையல் போகும் திசையில் பக்கவாட்டில் இழுத்தார். இழுக்கும்போதெல்லாம் இடது கட்டைவிரல் அந்த மடிப்பை அழுத்திப் பிடித்திருந்தது. ஆறு முறையும் அந்தக் கட்டைவிரல் அங்கேதான் இருந்தது. நான் நூலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அட்டை எடுக்கும்போது அதை இரு புறமும் லேசாக வளைத்துப் பார்த்தாரே, அதை ஏதோ பழக்கம் என்று கடந்துபோயிருந்தேன். அட்டைக்கும் தாளுக்கும் இழையோட்டம் உண்டு. இழைக்கு இணையாக எளிதில் வளையும், குறுக்கே முறைக்கும். பசையின் ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்காகத்தான் விரிந்து, காயும்போது சுருங்கும். அதனால் எல்லாவற்றின் இழையும் ஏட்டின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். என் அட்டையில் ஒன்று நெடுக்கிலும் ஒன்று குறுக்கிலும் ஓடியிருந்தது. அவர் இதையெல்லாம் மறைக்கவே இல்லை. கேள்வி என்னிடம் இல்லாததால் விடை என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முன்பு சொன்ன ஆய்விலும் இப்படி ஒரு பகுதி உண்டு. கட்டைகளை மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களில் சிலரிடம் அந்தக் கட்டைகளைச் சற்று நேரம் வெறுமனே கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். எறியக்கூட வேண்டியதில்லை, கனத்தை உணர்ந்ததுமே முடியும் என்ற அந்த வீங்கிய நம்பிக்கை இறங்கிவிட்டது. ‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்று நாம் சொல்லிக்கொண்டு வருகிறோம். இந்தப் பழமொழியை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள் மனதில் இருந்த பார்வை, வேலை நடக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த உளியை எடு, இந்த முனையைப் பிடி” என்று ஏவப்பட்டுக்கொண்டே பார்த்த பார்வையாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கண் ஏற்கெனவே அழுக்கான ஒரு கைக்குச் சொந்தமானது. படுக்கையில் சாய்ந்தபடி பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பழமொழி பொருந்தும் என்று எவரும் உத்தரவாதம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டே இருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கண் தேர்ந்துகொண்டே போகிறது, கை இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒன்றையும் பார்க்காமல் குறிப்பேட்டைத் தைத்திருந்தால் அதை எல்லோருக்கும் காட்டியிருப்பேன். நூற்றுக்கணக்கான நேர்த்தியான ஏடுகளைப் பார்த்த பிறகு தைத்ததால் இழுப்பறைக்குள் ஒளித்து வைத்தேன். அந்தப் பூத்தையல் பாதியில் நின்றதற்கும் இதுவே காரணம். ஒரு முடிச்சுத் தையல் சற்றுப் பருத்துப் போனதைத் தாங்க முடியாத அளவுக்கு என் ரசனை என் விரல்களைவிட முன்னால் ஓடியிருந்தது. முதல் முயற்சிகள் மோசமாகத்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவற்றின் மோசத்தை நுணுக்கமாக அளந்து சொல்லத் தெரிந்த ஒரு கண்ணை முன்கூட்டியே வளர்த்துக்கொண்டு உட்காருவது நம் காலத்துக்கே உரிய சங்கடம்.

இதையெல்லாம் சொல்வதால் படம் பார்ப்பதையே பாவம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். களைத்துப்போன நாளின் இறுதியில் அழகான அறைகளையும் வேலை தெரிந்த கைகளையும் பார்த்துக்கொண்டிருப்பது தன்னளவில் ஓர் இன்பம். அதை அந்தப் பெயரிலேயே அனுபவிக்கலாம், அலமாரி வேலை என்று கணக்கெழுதாமல் இருந்தால் சரி. பின்னல்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல நகைச்சுவை உண்டு. ஆயுளுக்குள் பின்னித் தீர்க்க முடியாத அளவுக்கு நூல்கண்டுகளைச் சேர்த்துவிட்ட நிலைக்கு அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று 2007இல் தொடங்கிய ராவல்ரி தளத்தில் கைவசமுள்ள நூல், பின்ன நினைப்பவை, பின்னிக்கொண்டிருப்பவை என்று தனித்தனி இடங்கள் உண்டு. நினைப்பதையும் செய்வதையும் வேறு வேறு அலமாரிகளில் வைத்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு மாலை உட்கார்ந்து 643 படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒரு படத்தை வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று முறை சேமித்திருந்தேன்; மூன்று முறையும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சி இருந்திருக்கும். அலமாரிப் படங்களைத் தனியே பிரித்தபோது இன்னும் வியப்பாக இருந்தது. ஏறக்குறைய எல்லாமே ஒரே அலமாரி: வெளிர்நிற மரம், அலங்காரம் இல்லாத நேர்க்கோடு, வெள்ளைச் சுவர். எனக்கு என்ன வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. மிச்ச நாட்களில் நான் தேடியது யோசனையை அல்ல. சுவரில் முதல் துளையைப் போடாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணத்தை.

பலகையை வாங்கி வந்தேன். கேள்வியை மறுபடி கைப்பேசியிடம் கொண்டுபோகாமல், இரண்டு முக்காலிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, பலகையின் இரு முனைகளும் அவற்றின்மேல் படும்படி கிடத்தி, தரையில் கிடந்த புத்தகங்களை அதில் நெருக்கமாக அடுக்கினேன். காலையில் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, கீழ்ப்பக்கம் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக் கட்டிப் பார்த்தேன். முனைகளில் ஒரே கனமுள்ள இரண்டு நாணயங்களை நூலுக்கும் பலகைக்கும் நடுவே செருகியிருந்தும், நடுவில் பலகையின் வயிறு நூலைத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தது. அப்படியானால் மூன்று தாங்கிகள். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டேன். கோடு நேராகத்தான் இருந்தது. இடது ஓரத்துத் துளையில் துளையிடும் ஊசி உள்ளே எதன்மேலோ பட்டுச் சறுக்கி, 4 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் முளையை அடித்து, திருகாணியை முடுக்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் இடப்பக்கமாக நிதானமாக உருண்டு போகிறது. அந்த ஓரத்தில் இப்போது அந்தக் கோணல் குறிப்பேடு நிற்கிறது.

தவறிய துளையை அடைப்பது எப்படி என்று அன்றிரவு தேடினேன். என்னிடம் இருந்த கேள்வி கூர்மையாக இருந்ததால் நான்கு நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது. அதன் கீழேயே, பழைய நாற்காலி ஒன்றின் கிழிந்த இருக்கையை ஒருவர் புதிதாகப் பின்னும் காணொளி இருந்தது. முக்கால் மணி நேரம் பார்த்தேன். பிரம்பு பின்னுவது எப்படி என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது போலவே இருக்கிறது.